ஒரு சென்ட் புல்லுக்கு 16 லிட்டர் டேங்கா?

வீடு கட்டி முடித்து, கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு கிளம்பிப் போன பிறகு, வாசல் பக்கம் ஒரு துண்டு மண் மிச்சமிருக்கும். 15-க்கு 25 அடி. 'இதிலே ஒரு புல்வெளி போட்டு, ரெண்டு பிரம்பு நாற்காலி போட்டு, சாயங்காலம் காபி குடிச்சா எப்படி இருக்கும்!' என்று வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை வரும் பாருங்கள்... வினையே அங்கேதான் ஆரம்பம்.

நர்சரிக்காரர் விரித்துவிட்டுப் போன புல் கொஞ்ச நாளைக்குப் பச்சைக் கம்பளம் மாதிரிதான் இருக்கும். ஒரு மழை பெய்யட்டும். கோரை தலை நீட்டும். பின்னாலேயே அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை, கீழாநெல்லி என்று சொந்தபந்தம் எல்லாம் வந்து உட்காரும். காபி குடிக்க வேண்டிய மனுஷன் முட்டி போட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருப்பார். நாலு ஞாயிற்றுக்கிழமை பிடுங்குவார். அஞ்சாவது ஞாயிற்றுக்கிழமை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "இதுக்கு மருந்து கிருந்து இல்லையா?" என்பார்.

மருந்து இருக்கிறது. அதை அடிக்க ஒரு ஸ்ப்ரேயர் வேண்டும். மருந்தைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிற நாம், ஸ்ப்ரேயரை மட்டும் பிளாஸ்டிக் பக்கெட் வாங்குகிற மாதிரி கலர் பார்த்து, விலை பேசி வாங்கிவிடுகிறோம். அங்கேதான் தப்பு. அடித்த மருந்து களையில் விழுகிறதா, பக்கத்து வீட்டுத் தக்காளியில் விழுகிறதா, உங்கள் மூக்கில் ஏறுகிறதா என்பதை எல்லாம் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த ஸ்ப்ரேயர்தான்.

எத்தனை ஏக்கர், தம்பி?

செங்கல்பட்டு பக்கம் ஒரு உரக்கடை. கல்லாவில் ஒரு பெரியவர். "களைக்கொல்லி அடிக்க ஸ்ப்ரேயர் வேணும்யா" என்றேன்.

"எத்தனை ஏக்கர், தம்பி?"

"ஏக்கரா? ஒரு சென்ட்டுகூடத் தேறாதுங்க."

பெரியவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒரு சென்ட்டுக்கு மருந்தா? குனிஞ்சு பிடுங்கிப் போட முடியாதா?"

வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளும் இப்படிப்பட்ட கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதே ஆச்சரியம். அவர் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. களை இருபது முப்பது செடிதான் என்றால் ஸ்ப்ரேயரே வேண்டாம். மழை பெய்த மறுநாள், மண் ஈரமாக இருக்கும்போது ஒரு களைக்கொத்தோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் வேலை முடிந்தது. சிமென்ட் கல் இடுக்கில் முளைப்பதற்குக் கொதிக்கிற வெந்நீரே போதும். பார்த்தீனியம் முளைத்திருந்தால், பூ விடுவதற்கு முன்னாலேயே கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்கிவிடுங்கள். வெறும் கையால் தொட்டால் சிலருக்கு அரிப்பு, தோல் தடிப்பு எல்லாம் வரும்.

பிடுங்கிப் பிடுங்கி மாளாதது கோரைதான். மேலே இலையைப் பிடுங்கினால், கீழே கிழங்கு 'போய்ட்டு வாங்க' என்று சிரித்துக்கொண்டு, பத்து நாளில் மறுபடி முளைக்கும். உலகத்தின் மிக மோசமான களை என்று தாவர விஞ்ஞானிகளே பட்டம் கொடுத்த ஆசாமி அது. இதே கிழங்கை நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்காகக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பது வேறு விஷயம்!

ஆக, 'எத்தனை ஏக்கர்?' என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் பாதி ஸ்ப்ரேயரைத் தேர்ந்தெடுத்த மாதிரி.

கொஞ்சம் கணக்கு!

பி.காம். படித்ததற்கு இப்படியாவது ஓர் உபயோகம் இருக்கட்டும். கைத்தெளிப்பானில் களைக்கொல்லி அடிக்க ஹெக்டேருக்கு 500 லிட்டர் தண்ணீர் என்பது விவசாயத்தில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒரு ஹெக்டேர் என்றால் சுமார் 247 சென்ட். வகுத்துப் பாருங்கள். ஒரு சென்ட்டுக்கு இரண்டு லிட்டர்.

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. நம் 15-க்கு 25 புல்வெளி 375 சதுர அடி. அதாவது ஒன்றே முக்கால் லிட்டர் கலவை போதும். அவ்வளவுதாங்க!

ஆனால் ஆசை யாரை விட்டது? கடையில் வரிசையாய் நிற்பதில் பெரிதாய், பளபளவென்று, பெல்ட் எல்லாம் வைத்து நிற்பது 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான். 'எடுக்கறது எடுக்கறோம், பெரிசாவே எடுத்துடுவோம்' என்பது நம் தேசிய குணம். அந்த 16 லிட்டர் எட்டு சென்ட்டுக்குப் போதும். தண்ணீர் மட்டும் 16 கிலோ. சமையல் சிலிண்டருக்குள் இருக்கிற கேஸே 14.2 கிலோதான். எட்டு மணி நேரம் ஆபீஸ் நாற்காலியில் வளைந்து கிடக்கிற முதுகு இதைத் தாங்குமா என்று முதுகையே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

முதுகுவலிகூடத் தைலத்தில் போய்விடும். மிச்சம் போகாது! டேங்கை நிரப்பிக் கலந்துவிட்டீர்கள். தேவைப்பட்டது ஒன்றே முக்கால் லிட்டர். பாக்கி பதினாலே கால் லிட்டர் விஷத்தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்? சாக்கடையிலா? வாசல் ஓரத்தில் ஒரு மழைநீர் சேகரிப்புக் குழி இருக்குமே, 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினார்களே, அதிலா? அதில் கொட்டினால் நிலத்தடி நீருக்கு நாமே வழிகாட்டி அனுப்பிய மாதிரி. அந்த நீரைத்தான் நம் போர் மோட்டார் மறுபடி மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறது.

மிச்சமே இல்லாமல் கலப்பதுதான் ஒரே வழி. அதற்குச் சின்ன டேங்க்தான் லாயக்கு.

யார் யார் வரிசையில் நிற்கிறார்கள்?

அரை லிட்டர் ட்ரிகர் பாட்டில்: சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிப்பார்களே, அது. பத்துச் செடிக்குச் சரி. ஐம்பதாவது அழுத்தலில் விரல் ராஜினாமா கடிதம் நீட்டும்.

இரண்டு லிட்டர் பிரஷர் ஸ்ப்ரேயர்: மேலே இருக்கும் கைப்பிடியைப் பத்துப் பதினைந்து தடவை குத்திக் காற்று ஏற்றிவிட்டால், பட்டனை அழுத்தியதும் ஒரே சீராய்ப் பீய்ச்சும். சில நூறு ரூபாயில் கிடைக்கும். அங்கங்கே திட்டுத் திட்டாய் இருக்கும் களைக்கு நல்லது. ஒரே குறை, நாசில் கைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் குனிய வேண்டும். குனிந்தால் முகம் மருந்துக்குப் பக்கத்தில் போகும்.

ஐந்து லிட்டர் தோள் ஸ்ப்ரேயர்: இதுவும் காற்று ஏற்றுவதுதான். தோளில் மாட்ட ஒரு வார், ஒரு ரப்பர் குழாய், முனையில் நீளக் கம்பி. நின்றபடியே அடிக்கலாம். மருந்து முகத்தைவிட்டுத் தள்ளிப் போகிறது. ஒன்றிரண்டு சென்ட் புல்வெளிக்காரர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஐந்து லிட்டர் வாங்கி இரண்டு லிட்டர் நிரப்புங்கள். இடம் வீணாகாது. காற்று நிற்கவும் இடம் வேண்டுமே!

16 லிட்டர் முதுகுத் தெளிப்பான்: பக்கவாட்டில் நெம்புகோலை அடித்துக்கொண்டே போக வேண்டும். அரை ஏக்கர் மாந்தோப்பு, பண்ணை வீடு என்று உள்ளவர்களுக்கு.

பேட்டரி ஸ்ப்ரேயர்: பம்ப் அடிக்கிற வேலை இல்லை, சுவிட்ச் போட்டால் போதும். சுகம்தான். ஆனால் வேகம் குறைக்கிற திருகு இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். ஏன் என்று அடுத்ததாகச் சொல்கிறேன்.

நாசிலில் இருக்கிறது சூட்சுமம்

முதுகில் மாட்டும் தெளிப்பான் 1880-களில் பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் பிரபலமானது. திராட்சை இலையில் வந்த பூஞ்சாண நோய்க்கு மருந்தடிக்க. இலையின் மேலே, கீழே, இடுக்கு என்று எல்லா இடத்திலும் பனி மாதிரி படிய வேண்டும் என்பது அங்கே தேவை. பூச்சிமருந்துக்கும் அதே கதைதான். அதனால் நம் கடைகளில் பெரும்பாலும் ஸ்ப்ரேயரோடு சேர்ந்து வருவது கூம்பு மாதிரி வட்டமாய்ப் பீய்ச்சும் நாசில். துளிகள் பொடிப் பொடியாய் இருக்கும்.

களைக்கொல்லிக்கு இது ஆகாது. பனி மாதிரி துளி என்றால் காற்றில் பறக்கும். தலைமுடியின் கனம் இருக்கிற துளி, அதாவது 100 மைக்ரானும் அதற்குக் கீழேயும், கீழே விழுவதைவிட ஊர் சுற்றுவதில்தான் ஆர்வமாய் இருக்கும். காம்பவுண்டுச் சுவர் எல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை.

அகல இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். புல் இனத்தை அவ்வளவாய்த் தொடாது. ஆனால் தக்காளி, பருத்தி போன்ற செடிகளுக்குத் துளி வாசனையே போதும். இலை சுருண்டு, குருத்து முறுக்கிக்கொள்ளும். மாடியில் பத்துத் தொட்டி தக்காளி வைத்து, தினம் காலையில் அதோடு பேசிக்கொண்டிருக்கிற பக்கத்து வீட்டு மாமிக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

அதனால் கடையில் கேட்க வேண்டிய வார்த்தை, "களைக்கொல்லி நாசில் குடுங்க." விசிறி மாதிரி தட்டையாய்ப் பீய்ச்சும் 'ஃபிளாட் ஃபேன்' ஒன்று. அகலமாய்ப் பெரிய துளியாய் விழும் 'ஃபிளட் ஜெட்' இன்னொன்று. விலை? நண்பரோடு ஒருநாள் மாலை டிபன் சாப்பிடுகிற காசுகூட ஆகாது. நீங்கள் வாங்குகிற ஸ்ப்ரேயரில் இது பொருந்துமா என்று அங்கேயே திருகிப் பார்த்துவிடுங்கள். திருகி அட்ஜஸ்ட் செய்கிற நாசில்தான் கிடைத்தது என்றால், பனியாய்ப் பறக்கிற நிலையில் வைக்காமல், துளி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் திருகி வையுங்கள்.

பிரஷர் ஏற ஏறத் துளி பொடியாகும். பேட்டரி ஸ்ப்ரேயரில் வேகத் திருகு கேட்டது இதற்காகத்தான். 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக் காட்டில் பூச்சிமருந்து அடித்த நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சுமார் இருபது பேர் செத்தே போனார்கள். அப்போது பேசப்பட்ட காரணங்களில், பொடித்துளியாய் வேகமாய்ப் பீய்ச்சும் பேட்டரி பம்புகளும் ஒன்று. அவர்கள் ஆளுயரப் பருத்திக்குள் நாள் முழுக்க நின்றவர்கள்; அடித்ததும் வேறு மருந்து. நம் பாடு அரை மணி நேரம்தான். ஆனாலும் நுரையீரல் எல்லோருக்கும் ஒரே கம்பெனி தயாரிப்புதானே!

ஒன்றுக்கு ஒன்று தனி

ஆபீஸ் நண்பர் ஒருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை களைக்கொல்லி அடித்தார். டேங்கை ஒரு தடவை அலசிக் கவிழ்த்து வைத்தார். இரண்டு வாரம் கழித்து, வீட்டு அம்மாள் ஆசையாய் வளர்த்த மிளகாய், கத்தரிச் செடிகளுக்கு அதே ஸ்ப்ரேயரில் வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தார். பூச்சி போனதோ இல்லையோ, செடி போய்விட்டது. "வேப்பெண்ணெயில் கலப்படம்" என்று கடைக்காரரோடு சண்டை வேறு. கடைக்காரர் பாவம். குழாயிலும் வாஷரிலும் ஒட்டிக்கொண்டிருந்த பழைய மருந்து செய்த வேலை அது.

மருந்து பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் குடியேறிவிடும். காலி செய்யாது. கோர்ட்டுக்குப் போனாலும் காலி செய்யாத குடித்தனக்காரர் மாதிரி! சோப்புத் தண்ணீர் விட்டு, நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி, ஒவ்வொரு தடவையும் அந்தத் தண்ணீரை நாசில் வழியாகவே வெளியேற்றினால் ஓரளவு போகும். முழுசாய்ப் போயிற்றா என்று எப்படித் தெரியும்? மிளகாய்ச் செடி சொன்னால்தான் தெரியும்.

எனவே களைக்கொல்லிக்கு ஒரு ஸ்ப்ரேயர், மற்றதற்கு ஒன்று. பெரிய ஒன்று வாங்குகிற காசில் சின்னதாய் இரண்டு வாங்கலாம். ஒன்றின் மேல் அழியாத மையில் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்: 'களைக்கொல்லி மட்டும்.' மூன்று முறை அலசிய தண்ணீரையும் மருந்தடித்த அதே புல்வெளியிலேயே பரவலாய் அடித்துவிடுங்கள். அதற்கு மட்டும் சாக்கடை விதிவிலக்கு கிடையாது.

முதல் ஒத்திகை: வெறும் தண்ணீர்

ஸ்ப்ரேயர் வந்த அன்றைக்கே மருந்து அடிக்காதீர்கள். மொட்டை மாடியில் 10-க்கு 10 அடி சாக்பீஸால் கட்டம் போடுங்கள். வெறும் தண்ணீரை அளந்து ஊற்றி, நாசிலைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பிடித்து, சாதாரண நடையில் கட்டம் முழுதும் அடியுங்கள். மிச்சத் தண்ணீரை அளந்து பாருங்கள். அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாய்ச் செலவாகியிருந்தால் உங்கள் நடை சரி. அந்த அளவை 4.36-ஆல் பெருக்கினால் ஒரு சென்ட்டுக்கு உங்கள் கணக்கு. ஒரு லிட்டர் போயிருந்தால், வேகமாய் நடங்கள். சொட்டுகிறதா, வாஷர் ஒழுகுகிறதா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். மருந்து ஒழுகி முதுகு நனைவதைவிடத் தண்ணீர் ஒழுகி நனைவது எவ்வளவோ மேல்.

மருந்து அளவும் அப்படித்தான். லேபிளில் ஏக்கருக்கு இவ்வளவு என்று போட்டிருந்தால், நூறால் வகுத்தால் ஒரு சென்ட்டுக்கு. உதாரணத்துக்கு ஏக்கருக்கு ஒரு லிட்டர் என்றால் சென்ட்டுக்குப் பத்தே மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து எடுங்கள். 'ஒரு மூடி, அப்புறம் கைக்கு வந்தபடி கொஞ்சம்' என்பது ரசத்துக்குச் சரி, இதற்குக் கிடையாது. தண்ணீர் தெளிவாய் இருக்கட்டும். கலங்கலில் சில மருந்துகள் வேலையே செய்யாது.

புல்வெளிக்கு எந்த மருந்து என்பதை, களைச்செடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கிளைபோசேட் என்பது பச்சையாய் இருக்கிற எதையும் விடாது. களையோடு உங்கள் அருகம்புல்லும் காலி. 2022 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அறிவிக்கையும் போட்டது.

அடிக்கிற அன்று...

இலை லேசாய் ஆடுகிற காலை நேரம்தான் நல்ல நேரம். சென்னைவாசிகள் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்புவதற்குள் முடித்துவிட வேண்டும். மழை மேகம் இருந்தால் ஒத்திப் போடுங்கள். முழுக்கைச் சட்டை, பேன்ட், ரப்பர் கையுறை, மூடிய ஷூ, கண்ணாடி, முகமூடி. வெற்றுடம்பும் லுங்கியுமாய் இறங்குகிற வீரம் இங்கே வேண்டாம்.

நாசில் அடைத்துக்கொண்டால், சைக்கிள் பம்ப் ஞாபகத்தில் வாயை வைத்து ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம்! பழைய டூத் பிரஷ் ஒன்றை ஸ்ப்ரேயரோடு கட்டித் தொங்கவிடுங்கள். மூடியைத் திறப்பதற்கு முன்னால் காற்றை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மருந்து முகத்துக்கு நேராய் வந்து நலம் விசாரிக்கும். வாங்கும்போதே, காற்றை இறக்கும் வால்வு இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

கடைசியாய் ஒன்று, சிரிக்காமல் சொல்ல வேண்டியது. மிச்ச மருந்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வாங்கிய டப்பாவிலேயே, லேபிளோடு, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். டப்பாவில் ஒரு முக்கோணம் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் வேகம் இந்த வரிசையில் குறையும். பச்சை என்றால் பால் என்று அர்த்தமில்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லி ஒரு வாய் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. அதற்கு மாற்று மருந்து இன்றுவரை இல்லை. அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். குழந்தை எதையாவது குடித்துவிட்டது என்றால் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் என்று வைத்தியம் பார்க்காமல், 108-க்குப் போன் செய்து, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

உரக்கடைப் பெரியவர் கேட்ட கேள்வியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். இடம் எவ்வளவு, நாசில் என்ன, வால்வு உண்டா, வாஷர் தனியாய்க் கிடைக்குமா. இந்த நாலையும் கேட்டு முடித்த பிறகு, மஞ்சள் கலரா நீலக் கலரா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். அந்த முடிவு எப்படியும் நம் கையில் இல்லை!